குட்டிப் பசங்களோட சேர்ந்து கைவேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெண்டு வயசுல இருந்து ஆறேழு வயசு வரைக்கும் உள்ள பசங்களோட உக்காந்து ஏதாவது செய்யணும்னு ஆசைப்படற அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா, அத்தை, மாமா எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதறேன். எனக்கு ரெண்டு பசங்க, பெரியவனுக்கு இப்போ பத்து, சின்னவளுக்கு ஆறு. அவங்க கூட வெட்டி, கிழிச்சு, ஒட்டி, கொட்டி, துடைச்சு கத்துக்கிட்டதுதான் கீழ இருக்கறது எல்லாம். பெரியவங்க அழகா செஞ்சு முடிக்க பசங்க பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கற மாதிரி கைவேலை எனக்கு பிடிக்காது. அவங்க கையால செஞ்ச பொருள் வீட்டுல நிஜமாவே புழங்கணும், அதை மனசுல வெச்சுக்கிட்டே படிங்க.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்? என் பையனுக்கு ரெண்டு கூட முடியல.

தாராளமா ஆரம்பிக்கலாம். ஒன்றரை ரெண்டு வயசுல அவனுக்கு பேப்பரை கிழிக்கத் தெரியும் இல்லையா, அதுவே ஒரு வேலைதான். கிழிக்கும்போது ஒரு கை ஒரு பக்கம் இழுக்குது, இன்னொரு கை எதிர்பக்கம் இழுக்குது, ரெண்டு கையும் வேற வேற வேலை பாத்தாதான் பேப்பர் கிழியும். பின்னாடி கத்தரிக்கோல் பிடிக்கறதுக்கும் பட்டன் போடறதுக்கும் அந்தப் பழக்கம்தான் உதவும். கலர் கலரா பழைய பேப்பரை குடுத்து கிழிக்க விடுங்க, கிழிச்ச துண்டை அடுத்த நாள் ஒரு அட்டையில ஒட்ட விடுங்க, ரெண்டு வயசுக்கு இதுவே பெரிய ப்ராஜக்ட்.

மூணு வயசு கிட்ட கத்தரிக்கோலால பேப்பர் ஓரத்துல சின்னச் சின்னதா நறுக் நறுக்னு வெட்டுவாங்க, கோடு மேலெல்லாம் வராது, எதிர்பார்க்கவும் வேணாம். நாலு வயசுல நேர் கோட்டுல ஓரளவு போவாங்க, அஞ்சு ஆறுல வட்டம், வளைவு எல்லாம் வரும். ஜடை மாதிரி பின்னறது, பெரிய கண்ணு உள்ள மொட்டை ஊசியில நூல் கோத்து தைக்கறது எல்லாம் பெரும்பாலும் அஞ்சுக்கு மேலதான். இது ஒரு குத்துமதிப்புதான், ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி. என் பெரியவன் நாலரை வயசு வரைக்கும் கத்தரிக்கோல் பக்கமே வரல, திடீர்னு ஒரு நாள் எடுத்து மூணு நாளா கையில கிடைச்சதையெல்லாம் வெட்டித் தள்ளினான்.

இதெல்லாம் வெறும் டைம் பாஸ்தானே, அந்த நேரத்துல எழுதப் பழக்கினா நல்லது இல்லையா?

எழுதறதுக்கு வேணும்கற விரல் பலமே இங்க இருந்துதான் வருது. மாவு பிசையறது, துணி கிளிப்பை அமுக்கறது, மணி கோக்கறது, டேப்பை பிச்சு எடுக்கறது, எல்லாத்துலயும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யுது, பென்சிலை பிடிக்கறதும் அதே விரல்கள்தான். இது ஒண்ணும் புதுசா யாரோ கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. ஜெர்மனியில ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல்னு ஒரு ஆசிரியர், 1837ல சின்னப் பசங்களுக்காக ஒரு இடம் ஆரம்பிச்சு, 1840ல அதுக்கு கிண்டர்கார்டன்னு பேரு வெச்சார், இன்னிக்கு உலகம் முழுக்க கே.ஜி.ன்னு சொல்றோமே அது அங்க இருந்து வந்ததுதான். அவர் பசங்களுக்குக் குடுத்த வேலைகள்லயே பேப்பர் மடிக்கறது, பேப்பர் கீத்தை மேலயும் கீழயும் விட்டு பாய் மாதிரி பின்னறது, களிமண் பிடிக்கறது எல்லாம் இருந்துச்சு. அந்த பேப்பர் பாயை இன்னிக்கே உங்க வீட்டுல செய்யலாம், தட்டு வைக்கற மேட்டா உபயோகிக்கலாம், மேல அகலமான டேப் ஒட்டிட்டா ஈரத்துணியால துடைச்சுக்கலாம்.

முதல்ல என்னென்ன வாங்கி வைக்கணும்?

ரொம்ப கம்மியா வாங்குங்க. பசங்களுக்குன்னு வர்ற முனை மழுங்கின கத்தரிக்கோல், பசைக் குச்சி, வெள்ளை பசை ஒரு பாட்டில், சிவப்பு மஞ்சள் நீலம் வெள்ளைன்னு நாலு போஸ்டர் கலர், ரெண்டு தடிமனான பிரஷ், பேப்பர் டேப். இது போதும். மீதி எல்லாம் வீட்டுலயே குவிஞ்சு கிடக்கு, அட்டைப்பெட்டி, டிஷ்யூ ரோல் உள்ள இருக்கற அட்டைக் குழல், பழைய நியூஸ்பேப்பர், பாட்டில் மூடி, கிழிஞ்ச டீ ஷர்ட், ஜோடி தொலைஞ்ச சாக்ஸ். ஒரு பெரிய பெட்டி வெச்சு இதெல்லாம் போட்டுக்கிட்டே வாங்க.

கத்தரிக்கோல்ல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். முனை மழுங்கி இருக்கணும், ஆனா அலகு நல்லா வெட்டணும். பிளாஸ்டிக் அலகு வெச்சதை பாதுகாப்புன்னு நினைச்சு வாங்கிடறோம், அது பேப்பரை வெட்டாம மடிச்சு உள்ள இழுத்துக்கும், குழந்தை தனக்கு வெட்ட வரலைன்னு நினைச்சு விட்டுடும். உங்க குழந்தைக்கு இடது கை பழக்கம்னா இடது கைக்குன்னே வர்ற கத்தரிக்கோல் வாங்குங்க, அதுல அலகு மாத்தி வெச்சிருப்பாங்க. சாதா கத்தரிக்கோலை இடது கையில பிடிச்சா ரெண்டு அலகும் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகிப் போகும், அதோட வெட்டற கோட்டை மேல் அலகு மறைச்சுடும், எங்க வெட்டறோம்னே தெரியாது. பிடிமட்டும் ரெண்டு கைக்கும் பொருந்தற மாதிரி இருந்தா பத்தாது, அலகையும் பாருங்க.

எந்த பசை எதுக்கு? ஒட்டினது எல்லாம் மறுநாளே உரிஞ்சு வருது.

பேப்பரோட பேப்பர்னா பசைக் குச்சி போதும். அட்டை, துணி, மரக்குச்சி, நூல்னா வெள்ளை பசை. வெள்ளை பசை தண்ணி ஆவியாகி காஞ்சாதான் பிடிக்கும், அதனால ஒட்டின உடனே தூக்கிப் பாக்காம துணி கிளிப் மாட்டியோ மேல புத்தகம் வெச்சோ அரை மணி நேரம் விடணும். நிறைய ஊத்தினா நல்லா ஒட்டும்னு பசங்க நினைப்பாங்க, உண்மையில நிறைய ஊத்தினாதான் காயவே காயாது. பாட்டிலை கையில குடுக்காம ஒரு மூடியில கொஞ்சமா ஊத்தி, காது குடையற பஞ்சுக் குச்சியை பிரஷ்ஷா குடுத்துப் பாருங்க, பாதி பிரச்சனை அதோட முடிஞ்சுடும்.

நிறைய பேப்பர் ஒட்டற வேலைன்னா மைதா பசை காய்ச்சுங்க. அரை கப் மைதாவை அரை கப் பச்சைத் தண்ணியில கட்டி இல்லாம கரைச்சு, ஒண்ணரை கப் கொதிக்கற தண்ணியில ஊத்தி, கை விடாம கிளறினா ரெண்டு மூணு நிமிஷத்துல கண்ணாடி மாதிரி பளபளன்னு வரும், இறக்கி நல்லா ஆற விடுங்க. அடுப்பு வேலை உங்களோடது, ஆறினதும் கிண்ணம் அவங்களோடது. ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாள் வெச்சுக்கலாம், வாசனை மாறினா கொட்டிடுங்க.

ரெண்டு பசை மட்டும் பசங்க கைக்குப் போகக் கூடாது. ஒண்ணு, சட்டுனு ஒட்டற சூப்பர் க்ளூ, அது விரலை விரலோட ஒட்டிடும், அதுமட்டும் இல்ல, பருத்தித் துணியிலயோ பஞ்சுலயோ பட்டா திடீர்னு சூடாகி தோல் வேகற அளவுக்குப் போயிடும், நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல. இன்னொண்ணு க்ளூ கன், குறைஞ்ச சூடுன்னு எழுதி விக்கறதுல கூட பசை 100 டிகிரிக்கு மேல சூடாத்தான் வெளிய வருது, பிஞ்சுத் தோல்ல பட்டா ஒட்டிக்கிட்டே வேகும். தேவைன்னா நீங்க தனியா, அவங்க கைக்கு எட்டாத இடத்துல வெச்சு ஒட்டிக் குடுங்க. அப்புறம் தெர்மாகோல் மேல ஒட்டணும்னா வெள்ளை பசைதான், கடுமையா வாசனை வர்ற பசை எல்லாம் தெர்மாகோலை அப்படியே கரைச்சு ஓட்டை போட்டுடும்.

முதல் முதல்ல செய்யறதுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

பென்சில் டப்பா. காலி தகர டப்பா ஒண்ணு எடுத்து நல்லா கழுவிக்கோங்க, வாய் ஓரத்தை உங்க விரலால சுத்தித் தடவிப் பாருங்க, எங்கயாவது கீறற மாதிரி இருந்தா உப்புத்தாளால தேய்ச்சுட்டு மேல பேப்பர் டேப் ரெண்டு சுத்து மடிச்சு ஒட்டிடுங்க. இது வரைக்கும் உங்க வேலை, குழந்தை வர்றதுக்கு முன்னாடியே முடிச்சு வெச்சுடணும். அப்புறம் குழந்தை கலர் பேப்பரை கிழிக்கட்டும், டப்பா மேல பசையை தடவட்டும், துண்டுகளை மேல மேல ஒட்டட்டும். டப்பாவுக்குள்ள ஒரு கனமான பாட்டிலை நிறுத்தி வெச்சா உருளாது. எல்லாம் ஒட்டினதும் மேல இன்னொரு தடவை வெள்ளை பசையில பாதி தண்ணி கலந்து பூசச் சொல்லுங்க, பூசும்போது பால் மாதிரி வெள்ளையா இருக்கும், காஞ்சா கண்ணாடியா மாறிடும், என் பசங்க ரெண்டு பேரும் அந்த மாற்றத்தைப் பாத்து வாயைப் பிளந்தாங்க.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, சுவத்துல மாட்டற பொருளை நாலு நாள் பாப்போம், அப்புறம் கண்ணுல படாது. பென்சில் டப்பா தினமும் கைக்கு வரும். "ஒரு பேனா எடுத்துட்டு வா, நீ செஞ்ச டப்பாவுல இருக்கு"ன்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க, அந்த முகத்துல வர்ற பெருமிதத்தை. தான் செஞ்சது இல்லாம வீட்டுல ஒரு வேலை நடக்காதுன்னு ஒரு மூணு வயசுக் குழந்தைக்குத் தோணறது சாதாரண விஷயம் இல்ல. சாவி போடற தட்டு, டம்ளருக்கு அடியில வைக்கற மேட், புத்தகத்துல வைக்கற அடையாள அட்டை, ஸ்விட்ச் பக்கத்துல ஒட்டற படம், இப்படி புழங்கற பொருளாவே யோசிங்க.

அழகா வரலைன்னா நான் கொஞ்சம் சரி பண்ணலாமா?

வேணாம்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். எனக்கு நடந்ததைச் சொல்றேன். பெரியவனுக்கு நாலு வயசு இருக்கும், சாக்ஸ்ல ஒரு பொம்மை செஞ்சான், ரெண்டு கண்ணையும் ஒரே பக்கத்துல, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஒட்டியிருந்தான். நாளைக்கு வீட்டுக்கு ஆள் வர்றாங்களேன்னு, அவன் தூங்கினதும் நான் அந்தக் கண்ணை பிச்சு நேரா வெச்சு ஒட்டிட்டேன். காலையில எடுத்துப் பாத்துட்டு அவன் அழல, கத்தல, "இது என்னுது இல்ல"ன்னு சொல்லி கீழ வெச்சுட்டுப் போயிட்டான். பக்கவாட்டுல திரும்பிப் பாக்கற மீனாம் அது, அதான் கண்ணு ரெண்டும் ஒரு பக்கம். நான் கேக்கவே இல்லயே. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எதை செய்யக் கூப்பிட்டாலும் "நீயே செஞ்சுடும்மா"ன்னுதான் பதில் வந்துச்சு. இன்னிக்கு நினைச்சாலும் மனசு கனக்குது.

அதனால ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். நான் கை வைக்கறது பாதுகாப்புக்கும் உறுதிக்கும் மட்டும், அதாவது கூர்மையான ஓரம், சூடு, பிரிஞ்சு விழற மாதிரி இருக்கற மூட்டு. அதுவும் "இது விழுந்துடும் போல இருக்கே, நான் பிடிச்சுக்கவா, நீ டேப் ஒட்டறியா"ன்னு கேட்டுட்டுத்தான். கலர், இடம், கோணல் மாணல் எல்லாம் அவங்க இஷ்டம். உங்களுக்கும் அழகா ஏதாவது செய்யணும்னு கை பரபரன்னு இருந்தா, அதுல தப்பே இல்ல, பக்கத்துலயே உக்காந்து உங்களுக்குன்னு ஒண்ணு தனியா செய்யுங்க. பசங்க அதைப் பாத்து நிறைய கத்துக்குவாங்க, வாயால சொல்லித் தர்றதை விட.

அதே மாதிரி "இது என்னது?"ன்னு கேக்கறதை விட "இதைப் பத்தி சொல்லேன்"னு கேளுங்க. என்னதுன்னு கேட்டா அது என்னன்னு தெரியலைன்னு அர்த்தம் ஆயிடுது.

அஞ்சு நிமிஷத்துல எழுந்து ஓடிடறா, நான் மட்டும் உக்காந்திருக்கேன்.

மூணு வயசுக் குழந்தை ஒரு வேலையில பத்து நிமிஷம் உக்காந்தா அதுவே நல்ல விஷயம். நாமதான் ஒரே உக்காரல்ல முழுசா முடிக்கணும்னு நினைக்கறோம். பிரிச்சுக்கோங்க, இன்னிக்கு கிழிக்கறது, நாளைக்கு ஒட்டறது, காஞ்சதும் அடுத்த நாள் பெயிண்ட். எப்படியும் காயறதுக்கு நேரம் வேணும் இல்லையா. எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு அப்புறமா கூப்பிடுங்க, குழந்தையை உக்கார வெச்சுட்டு பசை எங்கன்னு தேடினா அந்த அஞ்சு நிமிஷமும் அதுலயே போயிடும். அப்புறம் பசி நேரத்துலயும் தூக்க நேரத்துலயும் கூப்பிடவே கூப்பிடாதீங்க.

உப்பு மாவு செஞ்சு காய வெச்சேன், வெடிச்சுடுச்சு. என்ன தப்பு?

அளவு முதல்ல. ரெண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, முக்கால்ல இருந்து ஒரு கப் வரைக்கும் தண்ணி. தண்ணியை ஒரேடியா ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து கையில ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்திடணும். குறைஞ்சது அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிசையணும், பிசையறது பத்தலைன்னாலே விரிசல் விடும், பசங்களுக்கு குடுக்க இதை விட நல்ல வேலை இல்ல. கல் உப்பு போட்டீங்கன்னா சொரசொரன்னு இருக்கும், தூள் உப்புதான் சரி.

வெடிக்கறதுக்கு பெரும்பாலும் காரணம் அவசரம்தான். வெளிப்பக்கம் சீக்கிரம் காஞ்சு இறுகிடும், உள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழி இல்லாம உப்பிக்கிட்டு விரிசல் விடும். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல போகாதீங்க. ஓவன்னா 100 டிகிரியில வெச்சு ரெண்டு மூணு மணி நேரம், நடுவுல ஒரு தடவை திருப்பிப் போடணும். ஓவன் இல்லன்னா ஃபேன் காத்துல ரெண்டு மூணு நாள், காலையிலயும் ராத்திரியும் திருப்பி வெச்சுக்கிட்டே இருக்கணும். நல்லா காஞ்சதா எப்படி தெரியும்னா, நகத்தால தட்டினா டக்குனு சத்தம் வரும், ஈரம் இருந்தா மொத்துன்னு வரும். பெயிண்ட் அடிச்சதும் ரெண்டு பக்கமும் வார்னிஷ் பூசுங்க (அதை நீங்க பூசுங்க, ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு). உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், பூசாம விட்டா மழை நாள்ல மெத்துன்னு ஆயி கலர் எல்லாம் கசியும். தொங்க விடணும்னா ஈரமா இருக்கும்போதே ஸ்ட்ராவால ஓட்டை போட்டுடுங்க, காஞ்சப்புறம் போட்டா உடையும்.

பச்சை மாவை வாயில வைக்க விடாதீங்க. பச்சை மைதாவுல கிருமி இருக்க வாய்ப்பு உண்டு, அதோட இவ்வளவு உப்பு சின்ன உடம்புக்கு ஆகாது. வீட்டுல நாய் இருந்தா இன்னும் கவனமா இருங்க, காஞ்ச பொம்மையை தின்னுட்டா கூட உப்பு விஷமாயிடும், உடனே டாக்டர் கிட்ட தூக்கிட்டுப் போக வேண்டியிருக்கும்.

ரெண்டு வயசுக்கு என்னென்ன பொருள் குடுக்கவே கூடாது?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேக்கணும். மூணு வயசுக்கு கீழ எல்லாமே வாய்க்குப் போகும். டிஷ்யூ ரோல் அட்டைக் குழலை எடுங்க, அதுக்குள்ள முழுசா நுழையற பொருள் எதுவா இருந்தாலும் தொண்டையில சிக்கலாம்னு வெச்சுக்கோங்க. மணி, பட்டன், பொம்மைக் கண்ணு, பயறு, சின்ன மூடி எல்லாம் இதுல அடங்கும். பொம்மைகளை சோதிக்கறதுக்குன்னே ஒரு சின்ன உருளை இருக்கு, 31.7 மில்லிமீட்டர் அகலம், அதுக்குள்ள அடங்கிடற உதிரி இருந்தா அந்தப் பொம்மை மூணு வயசுக்கு கீழ ஆகாது. வீட்டுல நாம எடுக்கற அட்டைக் குழல் அதை விட அகலம், அதனால கூடுதல் எச்சரிக்கையாத்தான் இருக்கும், நல்லதுதான்.

மிரட்டறதுக்காக சொல்லல, ஆனா பட்டன் பேட்டரியை தனியா சொல்லியே ஆகணும். வெளிச்சம் வர்ற குட்டி விளக்கு, பாட்டு பாடற கார்டு இதுலெல்லாம் இருக்கும். குழந்தை முழுங்கி அது உணவுக் குழாய்ல சிக்கிக்கிட்டா, ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உள்ள புண்ணாக்கிடும். முழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஸ்க்ரூ போட்டு மூடற பெட்டி இல்லாத விளக்கை கைவேலைக்கு வாங்காதீங்க. அதே மாதிரி சின்ன பலமான காந்த உருண்டைகளும் வேணாம், ரெண்டை முழுங்கிட்டா குடலுக்குள்ள ஒண்ணை ஒண்ணு இழுத்து ஓட்டை போட்டுடும்.

பெயிண்ட் எது நல்லது? சட்டையெல்லாம் கறை.

போஸ்டர் கலர், துவைச்சா போகும்னு போட்டிருக்கறதா பாத்து வாங்குங்க. அக்ரிலிக் காஞ்சா பிளாஸ்டிக் படலம் மாதிரி ஆயிடும், அப்புறம் எந்த சோப்பும் ஒண்ணும் பண்ணாது, ஈரமா இருக்கும்போதே தண்ணியில அலசினாதான் உண்டு. தகரம், கண்ணாடி மாதிரி வழவழ பொருள் மேல போஸ்டர் கலர் உரிஞ்சு வரும், அதுக்கு மட்டும் அக்ரிலிக் எடுங்க, பழைய பெரிய சட்டையை முன்பக்கம் பின்பக்கமா மாத்திப் போட்டு விட்டா அருமையான ஏப்ரன்.

எல்லா கலரையும் கலந்து பழுப்பு ஆக்கிடறாங்கன்னு நிறைய பேர் வருத்தப்படறாங்க. ஒரு தடவைக்கு ரெண்டே கலர் குடுங்க. மஞ்சளும் நீலமும் குடுத்தா எப்படிக் கலந்தாலும் பச்சை, மஞ்சளும் சிவப்பும்னா ஆரஞ்சு. மூணையும் ஒண்ணா குடுத்தாத்தான் சேறு.

பழைய பேப்பர்ல கிண்ணம் செய்யறது எப்படி?

ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை கவுத்து வெச்சு மேல பிளாஸ்டிக் உறை மூடிக்கோங்க, இல்லன்னா ஒட்டிக்கிட்டு வராது. நியூஸ்பேப்பரை ரெண்டு விரல் அகல கீத்தா கிழிக்கணும். இங்க ஒரு விஷயம் பசங்களுக்கு காட்டுங்க, ஒரு பக்கமா கிழிச்சா நேரா அழகா வரும், குறுக்க கிழிச்சா எங்கெங்கயோ கோணிக்கிட்டுப் போகும். பேப்பர் தயாரிக்கும்போது அதுல இருக்கற நார் எல்லாம் பெரும்பாலும் ஒரே திசையில படுத்துக்குது, அதோட ஓட்டத்துலயே கிழிச்சா நேரா வரும். என் சின்னவ இதைத் தெரிஞ்சுக்கிட்டதுல இருந்து எந்த பேப்பர் கிடைச்சாலும் ரெண்டு பக்கமும் கிழிச்சுப் பாத்துட்டு "இது இந்தப் பக்கம்மா"ன்னு சொல்லிட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கறா.

கீத்தை மைதா பசையில முக்கி, ரெண்டு விரலுக்கு நடுவுல விட்டு வழிச்சுட்டு ஒட்டணும். முதல் அடுக்கு நெடுக்கா, அடுத்தது குறுக்கா, இப்படி மாத்தி மாத்தி வெச்சா பலமா இருக்கும். ரெண்டு அடுக்கு முடிச்சதும் ஒரு நாள் காய விட்டு அப்புறம் அடுத்த ரெண்டு. ஒரேடியா ஆறு அடுக்கு போட்டா உள்ள காயாம பூஞ்சை பிடிச்சு நாறும். கிண்ணத்துல சாவி, ரப்பர் பேண்ட், ஹேர் கிளிப் போட்டுக்கலாம், சாப்பிடற பொருள் வேணாம். பலூன் மேல ஒட்டற முறையும் இருக்கு, ஆனா வெடிச்ச பலூன் துண்டு சின்னப் பசங்களுக்கு மூச்சை அடைச்சுடற பொருள், அதனால நான் கிண்ணத்தோட நிறுத்திக்கறேன்.

கிழிஞ்ச டீ ஷர்ட்டை என்ன பண்ணலாம்?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது! கை கீழ இருந்து அடி வரைக்கும் இருக்கற உடம்புப் பகுதியை மட்டும் எடுத்து, குறுக்கு வாட்டுல ஒரு அங்குல அகலத்துக்கு வளையம் வளையமா வெட்டுங்க. ஒவ்வொரு வளையத்தையும் ஒரு இடத்துல வெட்டி நீளமாக்கி குழந்தை கையில ஒரு முனை, உங்க கையில ஒரு முனை, இழுங்க. துணி தானா சுருண்டு கயிறு மாதிரி ஆயிடும். பனியன் துணி பின்னல் துணிங்கறதால ஓரம் சுருளும், நூல் பிரிஞ்சு வராது, அதனால மடிச்சு தைக்க வேண்டிய அவசியமே இல்ல. மூணு கயிறை ஒண்ணா முடிச்சு போட்டு நாற்காலி காலுல கட்டிட்டு ஜடை பின்னச் சொல்லுங்க, மூணும் வேற வேற கலர்ல இருந்தா "சிவப்பு நடுவுக்கு, நீலம் நடுவுக்கு"ன்னு சொல்லித் தர்றது ரொம்ப சுலபம். நீள ஜடையை வட்டமா சுத்தி சுத்தி நீங்க ஊசி நூலால பிடிச்சு தைச்சுட்டா டம்ளர் மேட் ரெடி, அதையே நாள்கணக்கா தொடர்ந்தா கால் மிதியடி. வாஷிங் மெஷின்ல போட்டு துவைச்சுக்கலாம்.

ரெண்டு வயசும் ஆறு வயசும் ஒரே வீட்டுல, ரெண்டு பேரையும் எப்படி சமாளிக்கறது?

ஒரே பொருளை ரெண்டு பேரையும் செய்ய விடாதீங்க, பெரியது செஞ்சதை சின்னது பிச்சுப் போடும், சண்டை வரும். ஒரே வேலையோட ரெண்டு படியை குடுங்க. சின்னது கிழிக்கட்டும், பெரியது ஒட்டட்டும். மணி கோக்கற மாதிரி வேலை மட்டும் சின்னது தூங்கும்போது, மேசை மேல ஒரு தட்டு வெச்சு அதுக்குள்ள, முடிஞ்சதும் எண்ணி எடுத்து வெச்சுடணும்.

இலை, பூ எல்லாம் எடுத்துட்டு வந்து குவிக்கறான்.

குடுத்து வெச்சவங்க நீங்க. சாதா பேப்பருக்கு நடுவுல வெச்சு கனமான புத்தகம் மேல அடுக்கி ஒரு வாரம் பத்து நாள் விடுங்க, முதல் ரெண்டு நாள் பேப்பரை மாத்தினா கறுக்காது. மெல்லிசான இலையா எடுங்க, சதைப்பிடிப்பான இலை காயறதுக்குள்ள அழுகிடும். காஞ்சதை அட்டையில ஒட்டி டேப் போட்டா புத்தக அடையாளம்.

கிளிட்டர்?

எங்க வீட்டுல இல்ல. கண்ணுல போனா உறுத்தும், தரையில இருந்து போகவே போகாது, பெரும்பாலானது பிளாஸ்டிக் துகள்தான், கழுவினா நேரா தண்ணியில கலக்கும். 2023 அக்டோபர்ல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துல உதிரி பிளாஸ்டிக் கிளிட்டர் விக்கறதுக்கே தடை போட்டுட்டாங்க. பளபளன்னு வேணும்னா பழைய பரிசுப் பொட்டலத்து மினுமினு பேப்பரை பஞ்சிங் மெஷின்ல வெச்சு அமுக்கினா குட்டி குட்டி வட்டமா விழும், அதை ஒட்டலாம், அமுக்கற வேலைக்கே வரிசையில நிப்பாங்க.

வீடு பூரா குப்பையாகுதே.

ஆகும். கீழ ஒரு பழைய பெட்ஷீட் விரிச்சு அதுக்கு மேலதான் வேலை, முடிஞ்சதும் நாலு முனையையும் சேர்த்துப் பிடிச்சு தூக்கி உதறிடுங்க. ஒரு கிண்ணம் தண்ணியும் ஒரு துணியும் பக்கத்துலயே இருக்கட்டும், இல்லன்னா பசைக் கையோட பாத்ரூம் வரைக்கும் சுவத்தைத் தடவிக்கிட்டே போவாங்க. பிரஷ் கழுவறது, மூடி போடறது ரெண்டும் பசங்களே செய்யலாம்.

செஞ்சது எல்லாம் குவிஞ்சு போச்சு, தூக்கிப் போட மனசு வரல. எதை வெச்சுக்கறது?

எல்லாத்தையும் வெச்சுக்க முடியாது. ஆளுக்கு ஒரு பெட்டி, அது நிறைஞ்சா புதுசு வைக்க பழசு ஒண்ணு வெளிய போகணும், எது போகணும்னு குழந்தையே சொல்லட்டும். அவங்களுக்குத் தெரியாம குப்பையில போட்டுட்டு குப்பைக்கூடையில அதை அவங்களே பாக்கற மாதிரி கொடுமை வேற இல்ல. பெருசா இருக்கறதை குழந்தை கையில குடுத்து ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு பிரிச்சுடுங்க, அட்டையும் மூடியும் மறுபடி பொருள் பெட்டிக்கே போகட்டும். வெச்சுக்கறது எதுவா இருந்தாலும் பின்பக்கம் பென்சில்ல வயசையும் தேதியையும் அன்னிக்கு அவங்க சொன்ன ஒரு வரியையும் எழுதி வைங்க, ஆறு மாசத்துல நமக்கு மறந்துடும்.

புழங்கற பொருள் பெட்டிக்குள்ள போகவே வேணாம், அது பாட்டுக்கு புழங்கட்டும். பெரியவன் மூணே முக்கால் வயசுல செஞ்ச பென்சில் டப்பா இன்னும் என் மேசை மேலதான் இருக்கு. ஒரு பக்கம் பேப்பர் உரிஞ்சு தகரம் தெரியுது. போன வாரம் பேனா எடுக்க வந்தவன் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இதை நான் சரி பண்ணட்டுமா"ன்னு கேட்டான். பசை பாட்டிலை எடுத்துக் குடுத்தேன், தங்கச்சியை கூப்பிட்டு பேப்பர் கிழிக்கச் சொல்லிட்டு உக்காந்துட்டான்.